கிலுகிலுப்பையும் குழவிப் பருவமும்

மன்னர் பெற்ற வெற்றிகளைக் கல்லிற் பொறித்தனர். கோயிலுக்கு ஈந்த நிலத்தின் எல்லைகளைச் செப்பேட்டில் வரைந்தனர். புலவர் பெற்ற பரிசிலும், வணிகர் செலுத்திய சுங்கமும், உழவர் இறுத்த வரியும் ஏதேனும் ஓர் ஏட்டில் இடம்பெற்றுள்ளன. ஆயினும், இம்மக்கள் அனைவரும் பிறந்த சில திங்களில் முதன்முதலாகக் கையிற் பற்றிய பொருள் யாது, அவர்தம் அழுகையை ஆற்றிய ஒலி எத்தகையது என்னும் வினாவிற்கு விடை கூறும் கல்வெட்டு ஒன்றும் இல்லை. வரலாறு என்பது முதியோர் தம்மைக் குறித்துத் தாமே எழுதிவைத்த செய்தியாக நின்றுவிட்டமையே இதற்குக் காரணமாகும். குழவிக்கு எழுத்து இல்லை; குழவியை வளர்த்த பெண்டிர்க்கும் நெடுங்காலம் ஏடும் எழுத்தாணியும் வாய்த்தில. ஆகலின், அப்பருவத்தின் வரலாற்றைச் சொல்லிலிருந்தும், செடியிலிருந்தும், மண்ணினுள் கிடந்த உடைந்த பொருள்களிலிருந்தும், இலக்கியத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் குறிப்புகளிலிருந்தும் திரட்டுதல் வேண்டும். குழவிக்குரிய பொருள்களுள் மிக எளியதும் மிகப் பழையதுமாகிய கிலுகிலுப்பை அம்முயற்சிக்கு நல்லதொரு தொடக்கமாகும்.

இலங்கையின் கீழ்கரையில், சம்மாந்துறையை அடுத்து வயல் சூழ அமைந்த பழம்பதி வீரமுனை. சோழநாட்டு அரசகுமாரியாகிய சீர்பாததேவி தன் கணவன் பாலசிங்கனோடு மரக்கலத்தில் வந்தபோது அக்கலம் கடலில் அசையாது நின்றதென்றும், ஆண்டுக் கிடைத்த பிள்ளையார் திருவுருவை ஏற்றிக்கொண்டு, கலம் சென்று தங்கும் இடத்தில் கோயில் எடுப்பதாக நேர்ந்து வந்ததென்றும், கலம் தங்கிய இடமே வீரமுனை என்றும் அவ்வூர் மரபு கூறும். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலின் தோற்றம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்துள்ளது. 1962 ஆம் ஆண்டில் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய நூல்கள் இந்நிலப்பகுதியின் குடிகளையும் கோயில்களையும் வழக்கங்களையும் அறிய விரும்புவோர்க்குத் துணைபுரிகின்றன. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்று பிரிந்து அம்பாறை மாவட்டம் தனியே அமைந்த பின்னரும், பண்பாட்டளவில் இவ்வூர்கள் பழைய மட்டக்களப்பு நாட்டின் பகுதியாகவே விளங்குகின்றன. வீரமுனைத் தமிழரும், சம்மாந்துறை, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசி, ஒரே வயல்வெளியின் நெல்லை உண்டு வாழ்பவர். வழிபாட்டில் வேறுபட்ட இவ்விரு மக்களின் இல்லங்களிலும் ஏணையில் கிடக்கும் குழவியை ஆற்றும் முறை பெரிதும் ஒன்றே. பழஞ்சேலையை வளையில் தூக்கிக் கட்டிய ஏணையும், அதனை ஆட்டும் கையும், தாலாட்டும், கிலுகிலுப்பையின் ஒலியும் இருசாரார்க்கும் பொதுவாம்.

கிலுகிலுப்பை என்னும் பெயர் ஒலிக்குறிப்பினின்று பிறந்தது. உள்ளீடற்ற கூட்டினுள் கிடக்கும் சிறு மணிகள் கூட்டின் சுவரில் மோதும்போது எழும் ‘கிலுகிலு’ என்னும் ஓசையே பொருளுக்கும் பெயராயிற்று. இப்பெயரை ஒரு செடியும் தாங்கி நிற்றல் கருதற்குரியது. மஞ்சட் பூவும் ஊதிய காயும் உடைய கிலுகிலுப்பைச் செடி வயலோரத்திலும் மணற்பாங்கிலும் தானே முளைப்பது. அதன் காய் முற்றி உலர்ந்தவுடன் உள்ளிருக்கும் விதைகள் காம்பினின்று கழன்று, சிறிது அசைத்தாலும் ஒலிக்கும். சணப்பும் இச்செடியின் இனத்ததே. நெல்வயலுக்குப் பசுந்தாள் உரமாக விதைக்கப்படும் அதன் காயும் முற்றியபின் அவ்வாறே ஒலிக்கும். வடமொழியிலும் இவ்வினச் செடி மணியோசை உடையது என்னும் பொருளில் ‘கண்டாரவா’ எனப்பட்டது. அமரகோசம் இப்பெயரைக் குறிக்கின்றது. ஐரோப்பியத் தாவரவியலார் இதற்கு இட்ட ‘குரோட்டலேரியா’ என்னும் பெயரும், தாளக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்ததே. வாலால் ஒலியெழுப்பும் அமெரிக்கப் பாம்பினத்தின் பெயரும் அதே வேரினது. இலங்கையில் 17 ஆம் நூற்றாண்டில் பவுல் எர்மான் திரட்டிய உலர்செடிகளை ஆராய்ந்து 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனிநூல் இயற்றிய லின்னேயசு என்னும் சுவீடிய அறிஞரே இச்செடியினத்திற்கும் 1753 இல் அறிவியற் பெயர் வரையறுத்தவர். தமிழரும் வடமொழியாளரும் கிரேக்கமொழி வழிவந்த அறிஞரும் ஒருவரையொருவர் கேளாமலே, ஒரு காயின் ஒலியைக் கேட்டு ஒரே வகையான பெயரை இட்டனர்.

பொருளைப் பார்த்துச் செடிக்குப் பெயரிட்டனரோ, செடியைப் பார்த்துப் பொருளைச் செய்தனரோ என்பது ஆராய்தற்குரியது. மட்பாண்டமும் ஓலைப்பின்னலும் தோன்றுமுன்னரே உலர்ந்த காயின் ஒலியை மாந்தர் கேட்டிருப்பர். வயலிற் களை பறிக்கும் தாய், வரப்பு நிழலில் கிடத்திய குழவியின் அழுகையை நிறுத்த அருகில் நின்ற செடியின் காய்க்கொத்தைப் பறித்து அசைத்திருத்தல் இயல்பே. காய் விரைவில் நொறுங்குவது. நொறுங்கினால் விதை குழவியின் வாயிற் செல்லும். எனவே காயின் அமைப்பைப் போன்று நிலைத்து நிற்கும் வேறொரு கூட்டைச் செய்ய வேண்டிய தேவை எழுந்திருக்கும். இவ்வாறு கொள்ளின், இயற்கை காட்டிய வழியே கைத்தொழில் சென்றது எனல் பொருந்தும்.

தமிழ் நிலங்களில் அக்கூட்டிற்கு வாய்த்த சிறந்த பொருள் பனையோலை. இளங்குருத்தை வெட்டி உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒத்த அகலமுடைய வார்களாகக் கிழித்துக்கொள்வர். அவ்வார்களைக் குறுக்கும் நெடுக்குமாக மடித்துப் பின்ன, சிறு பெட்டி போன்ற கூடு உருவாகும். கூட்டின் வாயை மூடுமுன் சிறு கல்லோ விதையோ சில உள்ளே இடப்படும். எஞ்சிய ஓலை நுனிகளைச் சேர்த்து முறுக்கினாற் பிடி அமையும். பசையும் ஆணியும் இதற்கு வேண்டா. ஓலையின் மடிப்பே ஓலையைப் பிணிக்கின்றது. சிலர் ஓலைக்குச் சாயம் ஊட்டுவர். இப்பொருளின் சிறப்பு அதன் எடையின்மையில் உள்ளது. நான்கு திங்கள் நிரம்பாத குழவியின் விரல்களும் அதனைத் தாங்கும். முகத்தின்மீது நழுவி விழினும் ஊறு செய்யாது. ஒலியும் மென்மையானது. பித்தளை மணியின் ஒலி துயிலும் குழவியைத் திடுக்குற எழுப்பும். ஓலைக் கூட்டின் ஒலியோ தாலாட்டின் இடையே மறையும் அளவினது. கோயில் திருவிழாக் கடைகளில் இது நெடுங்காலம் விற்கப்பட்டு வந்துள்ளது. விழாவிற்குச் சென்றவர் வீட்டில் விட்டுவந்த சிறு குழவிக்கென ஒன்றை வாங்கி வருதல் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் இலங்கையிலும் காணப்படும் வழக்கம்.

ஓலை மட்கும், ஓராண்டில் உலர்ந்து பொடியாகும். இக்காரணத்தால் அதன் பழமையைத் தொல்பொருள் ஆய்வால் நிறுவுதல் அரிது. களிமண்ணைச் சுட்டுச் செய்த கிலுகிலுப்பைகளோ மண்ணினுள் அழியாது கிடந்தன. கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த சிந்துவெளி நகரங்களாகிய மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் அகழ்ந்தபோது, உள்ளே சிறு மட்குண்டுகள் இட்டு உருண்டையாகச் செய்து சுடப்பெற்ற கிலுகிலுப்பைகள் கிடைத்தன. பறவை வடிவான ஊதுகுழல்களும், தலையை ஆட்டும் எருதுகளும், சக்கரம் பூட்டிய சிறு வண்டிகளும் அவற்றோடு கிடைத்தன. மொகஞ்சதாரோவிலும், 1935–36 இல் சாங்குதாரோவிலும் அகழாய்வு நடத்திய எர்னசுட்டு மக்கே இவ்விளையாட்டுப் பொருள்களைத் தம் நூல்களில் விரித்துரைத்துள்ளார். எனினும், நீராடு குளமும் முத்திரைகளும் பெற்ற கவனத்தை இவை நெடுங்காலம் பெற்றில. 2011 ஆம் ஆண்டில் கோத்தன்பர்க்குப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று, மொகஞ்சதாரோவிற் கிடைத்த பொருள்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று விளையாட்டோடு தொடர்புடையது என்று காட்டிற்று. பத்தில் ஒரு பங்கு கண்முன் கிடந்தும் வரலாற்றில் இடம்பெறாமற் போனமை, பொருளின் குறையன்று; அதனை நோக்கியவர் கொண்டிருந்த அளவுகோலின் குறை. தமிழ்நாட்டுக் கீழடியிலும் ஆட்டக்காய்களும் பகடைகளும் வட்டச் சில்லுகளும் வெளிப்பட்டுள்ளன. அவை சற்று வளர்ந்தோரின் விளையாட்டிற்கு உரியன. ஏணைக் குழவியின் பொருள் ஓலையாலோ காயாலோ ஆகியிருப்பின் அது மண்ணோடு மண்ணாயிருக்கும்.

பிற நாட்டாரும் இப்பொருளை அறிந்திருந்தனர். கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டில், தமது ‘அரசியல்’ நூலின் இறுதிப் பகுதியில் இளைஞர்க்கு இசைக்கல்வி வேண்டுமா என்று ஆராயுங்கால், ஆர்க்கித்தாசு என்பவர் புனைந்த கிலுகிலுப்பையைப் பாராட்டுகின்றார். குழவியால் சும்மா இருத்தல் இயலாது. வீட்டுப் பொருள்களை அது உடைக்காதிருக்கும்பொருட்டு இக்கருவியைக் கையிற் கொடுக்கின்றனர். வளர்ந்த சிறார்க்கு இசைக்கல்வியும் அத்தகைய கிலுகிலுப்பையே என்பது அவர் கருத்து. ஆர்க்கித்தாசு கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் வல்லவர். தாரந்தம் என்னும் நகரத்தின் படைத்தலைவராகவும் விளங்கியவர். அத்தகையோர் பெயரோடு குழவியின் விளையாட்டுக் கருவி ஒன்று இணைந்து வழங்கியமை, அதனைச் சிறுமையாகக் கருதாத ஒரு காலம் இருந்ததைக் காட்டும். பிற்கால ஐரோப்பியச் செல்வர் பவழக் கொம்பில் வெள்ளி மணிகள் கோத்துக் குழவிக்கு அளித்தனர். பவழம் தீங்கை விலக்கும் என்பது அவர் நம்பிக்கை. பல் முளைக்கும் ஈற்றைத் தேய்ப்பதற்கும் அது உதவிற்று. விளையாட்டுப் பொருளும் காப்புப் பொருளும் அங்கு ஒன்றாக நின்றன.

தமிழ் இலக்கியத்திலும் இவ்விரண்டும் பிரிந்து நில்லா. போர்க்களம் புகுந்த இளம் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், அவன் காலிற் கிண்கிணி நீங்கிக் கழல் ஏறியதையும், ஐம்படைத்தாலி இன்னும் கழியாததையும் வியந்து கூறுகின்றார். புறநானூற்றின் 77 ஆம் பாட்டு அது. கிண்கிணி, நடை பழகும் குழவியின் ஒவ்வோர் அடிக்கும் ஒலி தருவது. குழவி எங்கு உள்ளது என்பதைத் தாய்க்கு அறிவிப்பதும் அதுவே. ஒலிக்கும் அணியை அணிதல் குழவிப் பருவத்தின் அடையாளம். அதனைக் களைதல் அப்பருவத்தின் முடிவு. பகைவரை வென்ற வேந்தனின் இளமையைக் காட்டப் புலவர் தேர்ந்த சான்று, அவன் அண்மையில் இழந்த குழவியொலியே ஆகும்.

சங்க நூல்கள் சிறுதேரையும் பல இடங்களிற் குறிக்கின்றன. தச்சச் சிறாரும் விரும்புமாறு செய்த சிறுதேரை உருட்டித் தளர்ந்த புதல்வர், செவிலியின் பாலுண்டு அமளியில் துயில்வதைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறி ஊராவிடினும், அதனைக் கையால் ஈர்த்தே சிறார் இன்புறுதலை உவமையாக்கியுள்ளார். பட்டினப்பாலையில், நெல்லைக் கவரும் கோழியை எறிந்த குழை, சிறார் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுத்துக் கிடக்கின்றது. இம்மூன்று இடங்களாலும் அறியப்படுவன சில உள. விளையாட்டுப் பொருள் செய்தல் தச்சர் தொழிலின் ஒரு கூறாக இருந்தது. அஃது உழவர் சிற்றூரிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் வழங்கிற்று. விளையாட்டின் முடிவில் பாலும் துயிலும் வந்தன. குழவியை மகிழ்வித்தலும் துயிற்றுதலும் ஒரே தொடரின் இரு கண்ணிகளாக அக்காலத்தார் கண்டனர்.

பக்தி இலக்கியத்தில் இத்தொடர் மேலும் விரிந்தது. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிட்டுப் பாடிய பதிகத்தில் நான்முகன் பொற்றொட்டில் விடுக்கின்றான். இந்திரன் கிண்கிணி கொணர்ந்து நிற்கின்றான். உலகைக் காக்கும் இறைவனுக்குத் தேவர் அளித்த காணிக்கை, ஏழைத் தாய் தன் மகவுக்கு விரும்பும் பொருள்களே. பின்னர்ப் பிள்ளைத்தமிழ் தனி நூல்வகையாக வளர்ந்தது. இன்று கிடைப்பவற்றுள் 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழே முற்பட்டது. 17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்கும் முத்துக்குமாரசுவாமிக்கும் பாடினார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. கிலுகிலுப்பைக்கு அவற்றுள் இடம் இல்லை.

இவ்வின்மைக்குக் காரணம் காணுதல் கடினமன்று. மூன்றாந் திங்களிற் காப்பும், ஐந்தாந் திங்களிற் செங்கீரையும், ஏழாந் திங்களில் தாலும் எனப் பருவங்கள் வரையறுக்கப்படும். சிறுபறை 19 ஆந் திங்களுக்கும் சிறுதேர் 21 ஆந் திங்களுக்கும் உரியன. தலையை நிமிர்த்தி ஆடுதல், கை கொட்டுதல், முத்தந் தருதல், நடந்து வருதல் எனக் குழவி தானே செய்யும் செயலைப் பாடுவதே இந்நூல்களின் நோக்கம். கிலுகிலுப்பையின் முதற் காலம் குழவி ஒன்றும் செய்ய இயலாத காலம். அப்பொழுது அதனை அசைப்பது தாயின் கை. பாட்டுடைத் தலைவனாகிய குழவியைப் போற்றும் புலவர், ஏணைக்கு வெளியே நிற்கும் அக்கையைப் பாடுபொருளாகக் கொண்டிலர். பாடாவிடினும், தாலப் பருவத்தின் பின்னணியில் அக்கை அசைந்துகொண்டே இருந்தது. சிறுபறையும் ஒருவகையில் வளர்ந்த கிலுகிலுப்பையே. பிறர் எழுப்பிய ஒலியைக் கேட்டு ஆறிய குழவி, ஒன்றரை ஆண்டில் தானே கோல் பிடித்து ஒலி எழுப்பும் நிலையை அடைகின்றது.

இஸ்லாமியத் தமிழ்ப் புலவரும் இவ்விலக்கிய வகையைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். 19 ஆம் நூற்றாண்டில் செய்யிது அனபியாப் புலவர் இயற்றிய நபிநாயகம் பிள்ளைத்தமிழ் அதற்குச் சான்று. தமிழ் முஸ்லிம்களின் தாலாட்டுகளில் அல்லாஹ்வின் திருப்பெயரும் நபிகளின் பெயரும் பயின்று வரும். இந்துத் தாயர் பாடும் தாலாட்டில் முருகனும் கண்ணனும் வருவர். பெயர்கள் வேறாயினும், சந்தமும் ஏணையின் அசைவும் ஒன்றே. கல்முனைக் கரையில் இவ்விருவகைத் தாலாட்டும் அயலயல் ஊர்களில் ஒலிப்பதால், ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் ஆராய்தல் முழுமையாகாது.

விளையாட்டுப் பொருளால் குழவியின் துயரை ஆற்றுதல் எத்துணைப் பெரிய நிகழ்ச்சிகட்கு வித்தாகும் என்பதை வடமொழி நாடகம் ஒன்று காட்டுகின்றது. சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ தன் பெயரையே மண்ணாற் செய்த சிறு வண்டியினின்று பெற்றது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். அயல்வீட்டுச் சிறுவனின் பொன் வண்டியோடு ஆடிய ரோகசேனன், அது மீட்டுக்கொள்ளப்பட்டபின் மண் வண்டியை ஏலாது அழுகின்றான். வறுமையுற்ற சாருதத்தன் மகன் அவன். அவ்வழுகையைப் பொறாத வசந்தசேனை, பொன் வண்டி செய்துகொள்ளுமாறு தன் அணிகலன்களைக் கழற்றி மண் வண்டியில் நிரப்புகின்றாள். அவ்வணிகளே பின்னர் அவைக்களத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி, அவனைக் கொலைக்களம் வரை கொண்டுசெல்கின்றன. சிறுவனின் அழுகை சிறிது. அதனை ஆற்ற விரும்பிய அன்பின் விளைவு நாடகம் முழுவதையும் இயக்குகின்றது.

கிலுகிலுப்பை ஏன் குழவியை ஆற்றுகின்றது என்பதை 20 ஆம் நூற்றாண்டின் உளவியலார் ஆராய்ந்தனர். பிறக்குமுன்னரே, கருவின் இறுதித் திங்கள்களில், குழவி ஒலி கேட்கின்றது. எனவே பிறந்த உலகில் கண்ணுக்குப் பொருள்கள் தெளிவுறாத நாளிலும் செவி விழித்திருக்கின்றது. ஒரே சீராக வரும் மெல்லொலி அதன் கவனத்தை அழுகையினின்று திருப்புகின்றது. ஏறத்தாழ நான்காந் திங்களில் விரும்பிப் பற்றும் ஆற்றல் வந்தபின் நிலை மாறுகின்றது. கை அசைந்தால் ஒலி பிறக்கின்றது. அசையாவிடின் ஒலி இல்லை. சுவிட்சர்லாந்து அறிஞர் சீன் பியாசே 1936 இல் வெளியிட்ட நூலில், தொங்கவிட்ட கிலுகிலுப்பையோடு கயிற்றாற் பிணைத்த தம் மகனின் கையசைவைக் குறித்து வைத்துள்ளார். தற்செயலாக எழுந்த ஒலியை மீண்டும் எழுப்பக் குழவி முயல்வதை அவர் கண்டார். செயலும் விளைவும் தொடர்புடையன என்னும் அறிவின் முளை அதுவே. ஆங்கில மருத்துவர் வின்னிக்காட்டு 1953 இல் வெளியிட்ட கட்டுரையில், தாயைப் பிரிந்திருக்கும் பொழுதில் குழவி விடாது பற்றிக்கொள்ளும் துணித்துண்டு அல்லது பொம்மையின் இயல்பை விளக்கினார். அது தாயும் அன்று, தாய்க்குப் புறம்பான பொருளும் அன்று; தாயினின்று உலகிற்குச் செல்லும் வழியில் உள்ள நிலை என்பது அவர் கொள்கை. ஓலைக் கிலுகிலுப்பை இவ்விரு பணிகளையும் செய்கின்றது. தாயின் கையிலிருந்து குழவியின் கைக்கு அது மாறும் நாளே, குழவி பிறரால் ஆற்றப்படும் நிலையினின்று தன்னைத் தானே ஆற்றும் நிலைக்கு அடியெடுத்து வைக்கும் நாள்.

மட்டக்களப்பு நாட்டின் குடிமுறை இவ்விடத்து நினைத்தற்குரியது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடிவழி தாய்வழியாகவே எண்ணப்பட்டு வந்தது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்வான். ஆகலின் குழவி பிறந்து வளரும் இல்லம் தாயின் சுற்றத்தார் சூழ்ந்த இல்லம். தாய் வயலுக்கோ வேறு தொழிலுக்கோ செல்லும்போது ஏணையை ஆட்டுபவர் அம்மம்மா. முஸ்லிம் இல்லத்தில் உம்மாவின் தாயார். தாலாட்டுகளில் மாமன் சீர் கொண்டுவருதல் தமிழர் நாடெங்கும் பரந்த வழக்கு. மாமன் மகளையோ மகனையோ மணக்கும் உரிமையுடைய சமுதாயத்தில், தொட்டிலில் கிடக்கும் குழவிக்கு மாமன் அளிக்கும் சிறுபொருளும் பிற்காலச் சம்பந்தத்தின் முற்குறியாகக் கொள்ளப்பட்டது. கிலுகிலுப்பையைச் செய்தவர் யார், கொணர்ந்தவர் யார், அசைத்தவர் யார் என வினவினால், அவ்வூரின் உறவுமுறை முழுவதும் விடையாக வெளிப்படும்.

19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் இப்பொருளின் வடிவம் உலகெங்கும் மாறிற்று. தகரத்தாலும், 1870 ஐ ஒட்டி அமெரிக்காவிற் புனையப்பெற்ற செலுலாயிட்டினாலும் கிலுகிலுப்பைகள் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும். செலுலாயிட்டு எளிதில் தீப்பற்றும். இரண்டாம் உலகப்போரின் பின் வந்த பிளாத்திக்கு அவ்விரண்டையும் அகற்றியது. அது கழுவத்தக்கது, மலிவானது, மழையில் மட்காதது. பழைய முறையிலும் குறைகள் இருந்தன. குன்றிமணி கொடிய நஞ்சுடையது. கிலுகிலுப்பைச் செடியின் விதையும் நச்சுத்தன்மை உடையதே. பின்னல் தளர்ந்து அத்தகைய விதை வெளிப்படின் குழவியின் உயிர்க்கே கேடாம். எனவே பழமை என்ற ஒரே காரணத்தாற் பழையதை எல்லாம் போற்றுதல் அறிவுடைமையன்று. நஞ்சற்ற பொருளை உள்ளிட்டு, வாய் இறுகப் பின்னி, தளர்ந்தவுடன் நீக்கிவிடும் முறையைக் கைக்கொண்டால் ஓலைத்தொழில் இன்றைக்கும் பொருந்தும். இலங்கையில் 1978 இல் நிறுவப்பெற்ற பனை அபிவிருத்திச் சபை பனையோலைக் கைப்பணியை ஊக்குவித்து வருகின்றது. பெட்டியும் பாயும் தடுக்கும் பெறும் இடத்தைக் குழவியின் பொருளும் பெறுதல் வேண்டும்.

இவ்வரலாற்றை இன்று எழுதவேண்டிய கட்டாயம் வேறொன்றும் உண்டு. 1990 ஆகத்து மாதத்தில் வீரமுனையில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஊரை விட்டகன்று, பின்னரே மீண்டு குடியேறினர். அதே மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 2004 திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, காரைதீவு முதல் மருதமுனை வரையுள்ள கரையோர ஊர்களை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடம்பெயரும் தாய் குழவியைத் தூக்குவாள். உறுதியையும் நகையையும் மடியிற் கட்டுவாள். வளையில் தொங்கும் ஏணையும் அதனருகே கிடந்த ஓலைக் கூடும் பின்னே தங்கிவிடும். இழப்புகளைக் கணக்கிட்ட அறிக்கைகளில் வீடும் வள்ளமும் கால்நடையும் நிரல்பட எழுதப்படும். குழவியை ஆற்றிய பொருளுக்கு அங்கே நிரல் இல்லை. முகாமில் அழுத குழவிகட்குத் தமிழ்க் குழவி, முஸ்லிம் குழவி என்னும் வேறுபாடு இருந்திராது. அவற்றை ஆற்ற முயன்ற முதுபெண்டிர்க்கு எஞ்சியது குரல் ஒன்றே. தாலாட்டு அழியாது நின்றமைக்கும், ஓலைப்பின்னல் பல இல்லங்களில் மறைந்தமைக்கும் உள்ள வேறுபாட்டை இதனாலும் விளக்கலாம். பாட்டை நெஞ்சிற் சுமக்கலாம். கைத்தொழிலுக்கோ ஓலையும் ஓய்வும் அருகிருந்து கற்கும் பேத்தியும் வேண்டும்.

வீரமுனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழின் அமைப்பை இலக்கியச் சான்றுகளினின்றும் கணக்கினின்றும் மீட்டு, 1947 இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். கண்ணாற் காணாத கருவியையும் ஆராய்ச்சியால் மீட்கலாம் என்பதற்கு அப்பெருநூல் சான்றாக நிற்கின்றது. கிலுகிலுப்பை யாழன்று, அதற்குப் பண்ணும் இல்லை, நரம்பும் இல்லை. எனினும் யாழ் கேட்டு மகிழ்ந்த செவி அனைத்தும் முன்னர்க் கேட்டது இத்தகைய ஒலியையே. மேலும், யாழுக்கு நேர்ந்த முற்றழிவு இதற்கு இன்னும் நேரவில்லை. அதனைப் பின்ன அறிந்த முதியோர் உயிருடன் உள்ளனர். மாணவர் தத்தம் ஊர்களில் அம்மம்மாவிடமும் உம்மாவின் தாயாரிடமும் அமர்ந்து, ஓலை வார்தல், பின்னும் முறை, உள்ளிடும் பொருள், வழங்கும் பெயர், உடன் பாடும் பாட்டு ஆகியவற்றைக் கேட்டெழுதுதலும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரியைக் கல்லூரிக் காட்சிக்கூடத்தில் வைத்தலும் இயலாத செயல்களல்ல. கோயிற் செப்பேட்டைப் படித்தறியும் பயிற்சியும், ஓலைக் கூட்டின் மடிப்பைப் படித்தறியும் பயிற்சியும் ஒரே வரலாற்றுக் கல்வியின் இரு பகுதிகள். மரக்கலத்தில் வந்த அரசகுமாரியை வீரமுனை நினைவில் வைத்துள்ளது. அவ்வூரில் ஏணை ஆட்டிய தாயரின் கைவண்ணமும் அந்நினைவின் ஒரு பகுதியாதல் முறையே.